சொற்செயலி ஆவணமும் வலைப்பக்கமும்: உருவும் பொருளும் பிரிந்த வரலாறு

1. முன்னுரை

எழுதப்பெற்ற நூல் ஒவ்வொன்றுக்கும் இரு கூறுகள் உண்டு. நூலாசிரியன் கூறிய சொற்களும் அவற்றின் உள்ளமைப்பும் ஒன்று. அச்சொற்கள் கண்ணுக்குப் புலனாகும் தோற்றம் மற்றொன்று. இது தலைப்பு, இது நூற்பா, இது உரை, இது அடிக்குறிப்பு என்பன முன்னதைச் சாரும். தலைப்புப் பெரிய எழுத்தில் நடுவே நிற்பதும், நூற்பா தடித்த எழுத்தில் அமைவதும், அடிக்குறிப்புச் சிற்றெழுத்தில் பக்கத்தின் அடியில் வருவதும் பின்னதைச் சாரும். கற்போன் தோற்றத்தைக் கண்டு அமைப்பை உணர்கின்றான். அவ்வுணர்ச்சி மிக விரைவில் நிகழ்தலின், இரண்டும் வெவ்வேறு என்பதை அவன் பெரும்பாலும் நினைப்பதில்லை.

நூல் ஒரு கருவியினின்று மற்றொரு கருவிக்கு மாறும்பொழுதே இவ்வேற்றுமை வெளிப்படுகின்றது. ஓலையினின்று அச்சுக்கு ஏறிய தமிழ் நூல்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை; எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன; ஆகாரத்தைக் குறிக்கும் காலும் ரகரமும் ஒரே வடிவின; சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை; செய்யுளும் உரையும் ஒரே தொடராக ஓடின. பதிப்பாசிரியர்கள் பொருளையும் யாப்பையும் நோக்கி இவற்றைப் பிரித்தறிந்து அச்சேற்றினர். கண்ட வடிவினின்று கருதிய சொல்லை மீட்டெடுத்தலே அவர்தம் பணியாயிற்று.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அத்தகைய மாற்றம் மற்றொன்று நிகழ்ந்து வருகின்றது. கணிப்பொறியில் சொற்செயலி என்னும் மென்பொருள்கொண்டு ஆக்கப்பட்ட ஆவணங்கள் வலைப்பக்கங்களாக மாற்றப்படுகின்றன. ஆய்வேடுகள், கருத்தரங்கக் கட்டுரைகள், நூற்பதிப்புகள், சொல்லடைவுகள் ஆகிய பலவும் இம்மாற்றத்திற்கு உட்பட்டவை. மாற்றும்பொழுது சொற்செயலி புகுத்திய தேவையற்ற கட்டளைகளை நீக்குதலைத் 'தூய்மை செய்தல்' என வழங்குவர். எது தேவையற்றது, எது பொருளுடையது என்பது தானே விளங்கும் என்னும் எண்ணம் அவ்வழக்கில் அடங்கியுள்ளது. அவ்வெண்ணம் முழுதும் பொருந்தாது என்பதையும், பொருந்தாமை தமிழ் ஆவணங்களிலேயே மிகத் தெளிவாகப் புலப்படுகின்றது என்பதையும் வரலாற்று முறையில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அமைப்பைப் பெயரிட்டுக் குறித்த மரபு

கணிப்பொறிவழி அச்சுக்கோத்தல் தொடங்கிய காலத்தில், ஆவணத்தினுள் இடப்பட்ட கட்டளைகள் யாவும் தோற்றம் பற்றியவை. 'இவ்விடத்தில் ஒரு வரி விடுக', 'இங்குச் சாய்வெழுத்துக்கு மாறுக' என்றவாறு அவை அமைந்தன. பொறிக்குப் பொறி கட்டளைகள் வேறுபட்டமையின், ஒரு பொறிக்கு ஆக்கிய ஆவணம் மற்றொன்றுக்குப் பயன்படவில்லை. 1967-ஆம் ஆண்டு கனடிய அரசாங்க அச்சகத்தில் நிகழ்ந்த கூட்டம் ஒன்றில், வில்லியம் டனிக்ளிஃப் என்பார் ஆவணத்தின் உள்ளடக்கத்தை அதன் வடிவமைப்பினின்று பிரித்தல் வேண்டும் என்னும் கருத்தை எடுத்துரைத்தார். இக்கொள்கையின் தொடக்கமாக அதனைக் கூறுவர்.

1969-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர் இக்கருத்துக்குச் செயல்வடிவம் தந்தனர். அவர்கள் ஆக்கிய முறை ஜி.எம்.எல். எனப்பட்டது, மூவர் பெயரின் முதலெழுத்துகளும் அதில் அமைந்துள்ளன. இம்முறையில் 'பெரிய எழுத்து, நடுவில் நிறுத்துக' என்று எழுதுவதில்லை. 'இது தலைப்பு' என்று மட்டுமே குறிப்பர். அத்தலைப்பு எவ்வாறு தோன்றல் வேண்டும் என்பதை ஆவணத்திற்குப் புறத்தே வேறாக வரையறுப்பர். இதன் வளர்ச்சியாக எஸ்.ஜி.எம்.எல். என்னும் முறை 1986-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. 8879 என்னும் எண்ணுடன் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது.

இம்மரபு புலமையுலகத்திலும் இடம்பெற்றது. ஜேம்ஸ் கூம்ஸ், ஆலன் ரெனியர், ஸ்டீவன் டிரோஸ் ஆகியோர் 1987-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், சொற்களுக்கிடையே விடும் இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் கூட ஒருவகைக் குறியீடே என நிறுவினர். குறியீடே இல்லாத எழுத்து, இடைவெளியின்றி ஓடும் பழஞ்சுவடி எழுத்தேயாம் என்பது அவர் கூற்றின் கருத்து. ஓலைச்சுவடியொடு பழகிய தமிழறிஞர்க்கு இது புதிதன்று. அதே திங்களில் அமெரிக்க நாட்டு வாசர் கல்லூரியில் அறிஞர் பலர் கூடி, பழநூல்களைக் கணிப்பொறியில் பதிப்பதற்குரிய பொதுநெறிகளை வகுக்கத் தொடங்கினர். இன்று டி.இ.ஐ. என வழங்கும் நெறிமுறைகள் அக்கூட்டத்தின் பயனாகப் பிறந்தன.

சுவிட்சர்லாந்தில் சேர்ன் ஆய்வகத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டு வலைத்தொகுதி பற்றிய தம் திட்டத்தை வரைந்தார். வலைப்பக்கங்களை ஆக்குதற்கு அவர் அமைத்த எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி எஸ்.ஜி.எம்.எல். மரபில் வந்தது. தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு என்றாற்போலும் சில குறிச்சொற்களே அதில் முதற்கண் இருந்தன. எழுத்தின் வண்ணம் இன்னது, அளவு இன்னது என ஆசிரியன் கூறுதற்கு அதில் இடமில்லை. எத்திரையில் தோன்றினும் பக்கம் படிக்கத் தக்கதாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே வலைப்பக்கம் பிறப்பிலேயே அமைப்பைக் கூறும் மரபைச் சேர்ந்தது என்பது உளங்கொளத் தக்கது.

3. தோற்றத்தையே ஆவணமாகக் கொண்ட மரபு

இதற்கு மறுதலையாக மற்றொரு மரபும் உடன் வளர்ந்தது. 1974-ஆம் ஆண்டில் சிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பட்லர் லாம்ப்சன், சார்லஸ் சிமோனி ஆகியோர் பிராவோ என்னும் மென்பொருளை ஆக்கினர். அச்சில் வருவது எதுவோ அதுவே திரையிலும் தோன்றும் என்பது அதன் புதுமை. சிமோனி 1981-ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திற் சேர்ந்தார். அவர் தலைமையில் உருவான வேர்ட் என்னும் சொற்செயலி 1983-ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் அஃது உலகெங்கும் பரவியமை யாவரும் அறிந்ததே.

வேர்டு மென்பொருளில் அமைப்பைக் குறிக்கும் வசதி இல்லாமல் இல்லை. பத்திக்குப் பெயர் தந்து, அப்பெயருக்குரிய தோற்றத்தை ஒருமுறை வரையறுக்கும் 'ஸ்டைல்' முறை தொடக்கம் முதலே அதில் இருந்தது. ஆயினும் அதனைக் கையாண்டோர் சிலரே. எழுதுவோர் பலர் தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அதனைத் தடித்ததாக்கி, அளவைக் கூட்டி, நடுவில் நிறுத்தினர். பத்தியின் தொடக்கத்தை இடைவெளி விசையால் உள்ளே தள்ளினர். புதுப்பக்கம் வேண்டுமிடத்து வெற்று வரிகளை அடுக்கினர். தாளில் அச்சிடும் அளவும் இவற்றால் யாதொரு குறையும் நேரவில்லை. காண்பவன் மனிதன் ஆதலின், தடித்துப் பெருத்து நடுவில் நிற்பதைத் தலைப்பு என்றே அவன் கொண்டான். பொறிக்கோ அது பதினாறு புள்ளி அளவுள்ள தடித்த எழுத்துத் தொடர் என்பதன்றி வேறொன்றும் தெரியாது.

தோற்றத்தினின்று அமைப்பை உணரும் பணியை எழுதியவன் செய்யவில்லை, பொறியும் செய்யவில்லை, படிப்பவனே செய்தான். இந்நிலையில் ஆவணத்தை வலைக்கு மாற்றும்பொழுது அப்பணியைச் செய்வார் யார் என்னும் வினா எழுந்தது.

4. இரு மரபுகளும் எதிர்ப்பட்ட காலம்

வலைப்பக்கம் 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த மொசைக் உலாவியால் பொதுமக்களிடையே பரவிற்று. பக்கம் அழகுற அமைதல் வேண்டும் என்னும் விருப்பமும் உடன் பரவிற்று. எழுத்துருவையும் அளவையும் வண்ணத்தையும் கூறும் 'ஃபாண்ட்' குறிச்சொல்லை உலாவி நிறுவனங்கள் புகுத்தின. 1997-ஆம் ஆண்டு சனவரியில் வெளியான எச்.டி.எம்.எல். 3.2 அதனை ஏற்றது. அவ்வாண்டு திசம்பரில் வெளியான 4.0 அதனை விலக்கத்தக்கது என அறிவித்தது. தோற்றத்தைத் தனியே கூறுதற்குரிய சி.எஸ்.எஸ். முறையை ஹோகன் வியூம் லீ 1994-ஆம் ஆண்டு முன்மொழிந்திருந்தார். அதன் முதல் தரம் 1996-ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்தது.

சொற்செயலி ஆவணத்தை நேரே வலைப்பக்கமாக்கும் கருவிகளும் இக்காலத்தே தோன்றின. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1995-ஆம் ஆண்டில் 'இன்டர்நெட் அசிஸ்டண்ட்' என்னும் துணைக்கருவியை வேர்டுக்கு அளித்தது. வேர்ட் 97 பதிப்பில் எச்.டி.எம்.எல். வடிவிற் சேமிக்கும் வசதி உள்ளமைந்தே வந்தது. 1999-ஆம் ஆண்டு வெளியான ஆஃபீஸ் 2000 தொகுப்பிலோ நோக்கமே மாறியது. ஓர் ஆவணத்தை வலைப்பக்கமாகச் சேமித்து, மீண்டும் வேர்டில் திறந்தால், முன்னிருந்த நிலை சிறிதும் குன்றாது திரும்பக் கிடைத்தல் வேண்டும் என்று அதனை ஆக்கியோர் கருதினர். ஆகவே வலையுலாவிக்குச் சிறிதும் பயன்படாத, வேர்டுக்கு மட்டுமே உரிய செய்திகள் பலவற்றையும் பக்கத்தினுள் எழுதினர். 'எம்.எஸ்.ஓ.' என்னும் முன்னடை பெற்ற பண்புகளும், ஆவணத்தின் ஆசிரியர் பெயரும், திருத்திய நேரமும் முதலாயின அதில் நிறைந்தன. சொற்செயலி தன் நினைவுகளைத் தானே மறவாதிருத்தற்பொருட்டுச் செய்த ஏற்பாட்டின் விளைவே இம்மிகுதி எனலாம்.

மிகுதியினும் பெருங்கேடு ஒன்று உண்டு. பட்டியலை வேர்ட் எழுதும் முறையை எடுத்துக்கொள்வோம். பட்டியல் என்னும் குறிச்சொல்லை விடுத்து, ஒவ்வோர் உறுப்பையும் தனிப் பத்தியாக எழுதி, அதன் முன் ஒரு புள்ளியையும் சில இடைவெளிகளையும் இடுவது உண்டு. அப்புள்ளியும் பெரும்பாலும் 'சிம்பல்' அல்லது 'விங்டிங்ஸ்' என்னும் எழுத்துருவின் வடிவமாகவே இருக்கும். விங்டிங்ஸ் எழுத்துருவில் சரிக்குறி வரும் இடம், பிற எழுத்துருக்களில் மேலே இருபுள்ளி பெற்ற ஜெர்மானிய எழுத்துக்கு உரியது. எழுத்துருவின் பெயரை நீக்கிவிட்டால், சரிக்குறி இருந்த இடத்தில் அவ்வயலெழுத்தே தோன்றும். இங்கு எழுத்துருப் பெயர் அணி அன்று. பொருளைத் தாங்கும் உறுப்பே அஃதாயிற்று. மேலைநாட்டு ஆவணங்களில் இஃது ஒருசில குறிகளோடு நின்றது. தமிழில் எத்துணை பெரிதாயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

5. தூய்மை செய்யும் கருவிகள்

இத்துன்பத்தைப் போக்க முயன்றோர் பலர். ஆட்டோடெஸ்க் நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவரான ஜான் வாக்கர் 1990-களின் பிற்பகுதியில் சிறுநிரல் ஒன்றை எழுதி வெளியிட்டார். அது தீர்த்த இடர் எழுத்தெண் பற்றியது. ஐ.எஸ்.ஓ. 8859-1 என்னும் தரத்தில் 128 முதல் 159 வரையுள்ள எண்கள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கென ஒதுக்கப்பட்டவை. விண்டோஸ் 1252 என்னும் குறியேற்றமோ அவ்விடங்களில் வளைந்த மேற்கோள்குறிகளையும் நெடுங்கோடுகளையும் வைத்தது. வேர்டில் தட்டெழுதிய மேற்கோள்குறி தானே வளைந்து 145 முதல் 148 வரையுள்ள எண்களுள் ஒன்றாக அமையும். வேறு கணிப்பொறிகளில் அது வினாக்குறியாகவோ வெற்றிடமாகவோ தோன்றும். வாக்கரின் நிரல் இவற்றை எளிய குறிகளாக மாற்றியது. பிற்காலத்தில் உலாவிகள் யாவும் விண்டோஸ் வழக்கத்துக்கு இடந்தந்தன. 8859-1 என்று அறிவித்த பக்கத்தையும் 1252 எனக் கொண்டே படித்தல் வேண்டும் என இன்றைய வலைத்தரம் விதிக்கின்றது. வழு என ஒதுக்கப்பட்டது வழக்கு மிகுதியால் விதியாயிற்று. வழுவமைதி கண்ட இலக்கண மரபினர்க்கு இது வியப்பளிக்காது.

உலகளாவிய வலைத் தொகுதியத்தில் பணிபுரிந்த டேவ் ராகெட் ஆக்கிய 'டைடி' என்னும் கருவி இன்னும் விரிந்த பயனுடையது. முடிவு பெறாத குறிச்சொற்களை அது முடித்து வைக்கும். தவறாகப் பின்னிய குறிச்சொற்களை ஒழுங்குபடுத்தும். வேர்ட் 2000 புகுத்திய மிகுதியை நீக்குதற்கென ஒரு விருப்பமும், ஃபாண்ட் குறிச்சொற்களை அறவே களைதற்கென மற்றொரு விருப்பமும் அதில் அமைந்திருந்தன. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஆஃபீஸ் 2000-க்கு வடிகட்டி ஒன்றைத் தனியே வெளியிட்டது. 2001-ஆம் ஆண்டின் ஆஃபீஸ் எக்ஸ்.பி. தொகுப்பில் 'வடிகட்டிய வலைப்பக்கம்' என்னும் சேமிப்பு முறை உடன் வந்தது.

இக்கருவிகளின் பயன் பெரிது. ஆயினும் அவற்றின் எல்லையை அறிதல் வேண்டும். தடித்த பதினாறு புள்ளி எழுத்தினின்று 'பதினாறு' என்பதைக் கருவி நீக்கும். 'தலைப்பு' என்பதைச் சேர்க்க அதனால் இயலாது. ஆசிரியன் கூறாத அமைப்பைக் கருவி அறியுமாறு இல்லை. தூய்மை செய்தபின் எஞ்சுவது தலைப்பும் இல்லாது, தலைப்பின் தோற்றமும் இல்லாது நிற்கும் வெறும் பத்தியாக முடிதலும் உண்டு. கண்பார்வை அற்றோர் திரைப்படிப்பி என்னும் கருவியால் வலைப்பக்கத்தைக் கேட்டறிகின்றனர். தலைப்பினின்று தலைப்புக்குத் தாவியே நெடிய ஆவணங்களில் வழி காண்கின்றனர். பெயரிடப்பெற்ற தலைப்பு இல்லையேல் முந்நூறு பக்க ஆய்வேடு அவர்க்கு வாயிலில்லா மதிலாகும்.

6. தமிழ் ஆவணங்களில் எழுத்துருவும் எழுத்தும்

இனித் தமிழுக்கு வருவோம். ஒருங்குறித் தரத்தின் முதற்பதிப்பு 1991-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தபொழுதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. எனினும் விண்டோஸ் வழியிலான தமிழ் ஒருங்குறி ஆதரவு விண்டோஸ் 2000 பதிப்பிலேயே வந்தது. இடைப்பட்ட காலத்திலும் அதன் பின்னர்ப் பல்லாண்டுகளும் தமிழ் ஆவணங்கள் வேறொரு முறையால் எழுதப்பட்டன. உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து எழுத்துருக்களை ஆக்கினர். கணிப்பொறி தன்னுள் வைத்திருப்பது உரோமன் எழுத்தே. திரையில் தோன்றுவது தமிழ் வடிவம்.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதில் 'அம்மா' என்னும் சொல், கோப்பினுள் ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஐந்து குறிகளாகவே உள்ளது. பாமினி என்னும் பெயர் உடன் நிற்கும்வரை அது தமிழ்ச்சொல். அப்பெயரை நீக்கிய அக்கணமே அஃது எம்மொழியிலும் பொருளற்ற எழுத்துக் கோவையாகின்றது.

மேலே கூறிய தூய்மைக் கருவிகளின் விதியை இங்குப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். ஃபாண்ட் குறிச்சொல்லைக் களைக என்பது அவ்விதி. ஆங்கில ஆவணத்தில் அது நல்விதி. அணியைக் களைந்து சொல்லை நிறுத்தும். தமிழ் ஆவணத்தில் அதே விதி சொல்லை அழித்துவிடும். ஆங்கிலமும் தமிழும் கலந்த ஆய்வேட்டில் கேடு இன்னும் மிகும். எது ஆங்கிலம், எது தமிழ் என்று காட்டும் ஒரே சான்று எழுத்துருவின் பெயரே ஆதலின், அது நீங்கியபின் ஆங்கிலப் பகுதியையும் தமிழாக மாற்றிச் சிதைக்கவோ, தமிழ்ப் பகுதியை மாற்றாது விடவோ நேரும். ஆகவே தமிழில் முதலில் குறியேற்றத்தை மாற்றுதலும், பின்னரே தூய்மை செய்தலும் முறையாகும். இவ்வரிசை பிறழின் மீட்சி அரிது.

குறியேற்ற மாற்றமும் எளிதன்று. பழைய எழுத்துருக்கள் தட்டச்சுப்பொறியைப் போல், கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. 'கெ' என்பதில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கும். ஒருங்குறியிலோ ஒலிக்கும் முறை பற்றி மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். 'கொ' என்பது முன்னதில் கொம்பு, ககரம், கால் என மூன்றாகும். பின்னதில் ககரமும் ஒகரக்குறியும் என இரண்டே. ஆகவே மாற்றுவோன் எழுத்துகளை இடம் மாற்றிச் சேர்த்தல் வேண்டும்.

இங்கே ஓலைச்சுவடியின் பழைய ஐயம் புதிய உருவில் மீள்கின்றது. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஔகாரக்குறியின் பின்னுறுப்பும் ளகரமும் ஒரே வடிவின. 'வெளி' என்னும் சொல் கொம்பு, வகரம், ளகரம், இகரக்குறி என நிற்கும். நுணுகி நோக்காத மாற்றி, முதல் மூன்றையும் 'வௌ' எனச் சேர்த்துவிட்டு, எஞ்சிய இகரக்குறியைத் தனித்து விடும். 'வெளியீடு' என்பது 'வௌியீடு' ஆகவும், 'தெளிவு' என்பது 'தௌிவு' ஆகவும் வலைப்பக்கங்களில் இன்றும் காணப்படுவதற்கு இதுவே காரணம். மறுதலையாகக் 'கௌரவம்' என்பது ககர எகரமும் ளகரமுமாகக் 'கெளரவம்' எனவும் நிற்கும். கண்ணுக்கு இவற்றின் வேறுபாடு சிறிதே. சில எழுத்துருக்களில் புள்ளியாலான வட்டம் ஒன்று இடையே தோன்றும், சிலவற்றில் அதுவும் தோன்றாது. பொறிக்கோ இவை முற்றிலும் வேறு சொற்கள். 'வெளி' என்னும் சொல்லின் ஆட்சியை ஆராய்வோன் கணிப்பொறியில் தேடினால், இவ்வாறு சிதைந்த இடங்கள் அனைத்தும் அவனுக்கு அகப்படா. தேடிக் கிடைக்கவில்லை என்பதை நூலில் இல்லை என்பதாகக் கொள்ளின் முடிவே பிழைபடும். காலையும் ரகரத்தையும் பொருள் நோக்கிப் பிரித்த பதிப்பாசிரியரின் பணி இங்கும் வேண்டப்படுகின்றது.

எழுத்துருக்களின் பன்மையைக் குறைக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. இணையத்தில் தமிழர் பலர் கலந்துரையாடி டிஸ்கி என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். 1999-ஆம் ஆண்டு பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்கள் வகுக்கப்பட்டன. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் துணைகொண்டு தமிழ் நூல்களை மின்வடிவில் ஆக்கி, முதலில் டிஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் வலையேற்றியது. தமிழ்நாட்டரசு 2010-ஆம் ஆண்டில் ஒருங்குறியையும் டேஸ் 16 என்னும் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. எனினும் இவற்றுக்கு முன்னும் இடையிலும் தனியெழுத்துருக்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் தனியார் வட்டுகளிலும் துறைகளின் பேழைகளிலும் தங்கின. அவற்றுள் எழுத்துரு தொலைந்த கோப்பு, படிக்கத் தெரியாத சாசனத்தை ஒக்கும்.

செய்யுள் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். எச்.டி.எம்.எல். மொழியில் அடுத்தடுத்து வரும் இடைவெளிகள் பலவாயினும் ஒன்றாகவே கொள்ளப்படும். சொற்செயலியில் இடைவெளி விசையால் சீர்களை நிரல்பட நிறுத்தியும், தனிச்சொல்லை அகற்றி வைத்தும், தாழிசையை உள்ளே தள்ளியும் அமைத்த பாட்டு, வலைப்பக்கத்தில் அவ்வமைப்பை இழந்துவிடும். அடியிறுதியில் பத்தி முடிக்கும் விசையை அழுத்தியிருப்பின் ஒவ்வோர் அடியும் தனிப் பத்தியாகும். நாற்பதடிப் பாட்டு நாற்பது பத்திகளாகச் சிதறும். பாட்டு, அடி, தனிச்சொல் என்பவற்றைப் பெயரிட்டுக் குறித்திருந்தால் இவ்விடர் இல்லை.

7. புதிய கோப்புவடிவும் புதிய நெறியும்

2006-ஆம் ஆண்டில் ஓப்பன் டாக்குமெண்ட் வடிவம் ஐ.எஸ்.ஓ. தரமாயிற்று. ஆஃபீஸ் 2007 தொகுப்பில் வந்த டாக்எக்ஸ் வடிவம் 2006-ஆம் ஆண்டு எக்மா தரமாகவும் 2008-ஆம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. இவ்விரண்டும் எக்ஸ்.எம்.எல். முறையில் எழுதிச் சுருக்கிக் கட்டிய பொதிகள் ஆதலின், சொற்செயலியின் உதவியின்றியே அவற்றினுள் புகுந்து படிக்க இயலும். வேர்ட் தானே எழுதித் தரும் வலைப்பக்கத்தைத் தூய்மை செய்வதினும், மூல ஆவணத்தை நேரே படித்துப் புதிதாக வலைப்பக்கம் ஆக்குதலே நன்று என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மெய்யியல் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006-ஆம் ஆண்டு பான்டாக் என்னும் மாற்றியை வெளியிட்டார். பிற்காலத்தில் அது டாக்எக்ஸ் கோப்புகளைப் படிக்கும் ஆற்றலும் பெற்றது. மம்மத் என்னும் மற்றொரு கருவி, எழுத்தின் அளவையும் வண்ணத்தையும் எழுத்துருவையும் நோக்காது, பத்தியின் ஸ்டைல் பெயரையே நோக்குகின்றது. 'முதல்நிலைத் தலைப்பு' என்று பெயர் பெற்ற பத்தி முதல்நிலைத் தலைப்பாகவே மாறும். பெயர் பெறாதது எவ்வளவு பெரிதாகத் தோன்றினும் வெறும் பத்தியே. முறையாக இடப்பட்ட அடிக்குறிப்பு இணைப்போடு கூடிய குறிப்பாக மாறும். கையால் எண்ணிட்டு மேலேற்றியது மேலேறிய எண்ணாகவே நிற்கும். 1969-இல் மூவர் வகுத்த கொள்கைக்கே வரலாறு திரும்பி வந்துள்ளது எனலாம்.

இவ்வரலாற்றினின்று தமிழாய்வாளர் கொள்ளத்தக்க நெறி ஒன்று பெறப்படும். பழைய ஆவணத்தை மாற்றுங்கால் மூலக்கோப்பை மாற்றாது காத்தல். அதன் எழுத்துருக்களின் பெயரை எழுதி வைத்தல். எழுத்துருப் பெயரை வழிகாட்டியாகக் கொண்டு தமிழ்ப் பகுதியை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றுதல். 'வௌி', 'தௌி' போன்ற ஐயவடிவங்களைத் தேடித் திருத்துதல். தலைப்பு, செய்யுள், மேற்கோள், அடிக்குறிப்பு என்பவற்றுக்குப் பெயரிடுதல். அதன் பின்னரே தோற்றக் கட்டளைகளைக் களைதல். இறுதியில் அச்சுப்படியோடு ஒப்புநோக்குதல் என இவை முறையே நிகழ்தல் வேண்டும். புதிதாக எழுதுவோர் ஒருங்குறியிலேயே எழுதி, ஸ்டைல் முறையைத் தொடக்கம் முதலே கையாண்டால், இவற்றுட் பெரும்பாலன வேண்டப்படா.

8. முடிவுரை

ஆவணத்தின் தோற்றத்தை முற்றும் அழுக்கு எனத் தள்ளுதலும், முற்றும் பொருள் எனக் காத்தலும் ஒருசேரப் பிழையாம். வேர்ட் 2000 எல்லாவற்றையும் காக்க முயன்று பக்கத்தைப் பாழாக்கியது. தூய்மைக் கருவிகள் எல்லாவற்றையும் களைய முயன்று, தமிழ் போன்ற மொழிகளில் எழுத்தையே இழக்கும் வாயிலைத் திறந்தன. தோற்றத்தின் எவ்வுறுப்புப் பொருளைத் தாங்குகின்றது என்று ஆவணந்தோறும் ஆராய்ந்து, அப்பொருளுக்குப் பெயரிட்டபின் தோற்றத்தை விடுதலே தக்கது. அவ்வாராய்ச்சிக்குக் கணிப்பொறி அறிவு ஒருபாலும் மொழியறிவு ஒருபாலும் வேண்டும். ளகரமா ஔகாரக்குறியா என்பதையும், இது பாட்டின் அடியா உரையின் தொடரா என்பதையும் தீர்ப்பது மொழியறிவே. ஆதலின் இப்பணியைத் தட்டெழுதுவோர்க்கு உரியதென விடுத்தல் தகாது. தனியெழுத்துருக்களில் உறங்கும் ஆய்வேடுகளை, அவ்வெழுத்துருக்களும் அவற்றை ஆண்டோரும் கிடைக்கும் இக்காலத்திலேயே மீட்டல், பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தம் பதிப்புப் பணியின் ஒரு பகுதியாகக் கொள்ளத்தக்க கடமையாகும்.